அந்த இடத்தில் தெலுங்கு இருந்தது

சென்ற மாதம் இளம் ஆய்வாளர்கள் இருவர் மலையேறி வந்து என்னைப் பார்த்தார்கள். மூளை அறுவைக்கு முன் நோயாளியின் பேச்சைச் சோதிக்க ஒரு புதுக் கருவி செய்திருக்கிறார்கள். சிலேட்டு அளவில் ஒரு திரை. அதில் படம் வரும், நோயாளி பெயர் சொல்ல வேண்டும், மீதியைக் கருவியே பார்த்துக்கொள்ளும். அதைப் பாராட்டி நான் இரண்டு வரி எழுதித் தர வேண்டுமாம். வாங்கித் தொட்டுப் பார்த்தேன். முதல் திரையிலேயே நோயாளியின் மொழி எது என்று கேட்டது. தமிழைத் தொட்டேன். அடுத்துத் தெலுங்கைத் தொட்டதும் தமிழ் அணைந்துபோனது.

"ஒன்றுதான் எடுக்குமா?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு ஒன்றுதான் மேடம். பெரும்பாலான நோயாளிகளுக்கு அதுவே போதும்" என்றான் பையன்.

பாராட்டு எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். காபி கொடுத்து அனுப்பினேன். படியிறங்கும்போது கூட வந்த பெண் திரும்பி, "இதுக்கு ஏன் மேடம் இவ்வளவு கோபம்?" என்றாள். அன்று அவர்களுக்குப் பஸ் பிடிக்கிற அவசரம். பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா ஏற்காடு கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் ஜனங்கள் சாமான் வாங்க வருவார்கள். அப்பாவிடம் தமிழில் பேரம் பேசுவார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சிலர் தெலுங்குக்கு மாறுவார்கள், சிலர் கன்னடத்துக்கு. மூச்சு விடுகிற இடைவெளிகூட இருக்காது. பொட்டலம் மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். தெலுங்கு எனக்கு அப்படித்தான் காதில் ஏறியது. எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான். கடைக்கு வருகிறவர்களோ ஒரே ஆள், ஒரே வாய், இரண்டு மொழி. உள்ளே மாற்றுவது எது, எங்கே இருந்துகொண்டு மாற்றுகிறது என்ற கேள்வியைத்தான் கல்லூரிக்கும் பிறகு வெளிநாட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். படிப்பைப் பற்றி எழுத அதிகமில்லை. படித்தேன், முனைவர் பட்டம் வாங்கினேன், அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள், மறுத்துத் திரும்பினேன். இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்களை அங்கே தேடித் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் மூளை அறுவைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. நான் மருத்துவர் அல்ல. நோயாளி விழித்திருக்கும்போதே செய்யும் அறுவைகளில் அவருடைய பேச்சைக் கண்காணிப்பது என் பொறுப்பு.

பிரிவின் தலைவரைப் பேராசிரியர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். அவர் கைகளைப் போல் வேலை தெரிந்த கைகளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். அறுவையின்போது கையை நீட்டுவார், வேண்டிய கருவி அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்திருப்பார். அந்த அமைதிக்குப் பயந்தே நர்ஸுகள் வேலை கற்றார்கள். பேச்சு தனக்குப் பிடிக்காத பக்கம் போனால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டார் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் முனைவர் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டார். திருமணமானதும் மிஸஸ் ஆக்கினார். கடைசிவரை டாக்டர் ஆக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டுப் பக்கம் நாகலூரிலிருந்து கௌரம்மா என்ற பெண் எங்களிடம் வந்தாள். காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். முப்பது வயதிருக்கும். அடிக்கடி வலிப்பு வந்து விழுந்துகொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்ததில் இடது பக்கம், காதுக்கு மேலே பின்புறமாக ஒரு கட்டி தெரிந்தது. மெதுவாக வளர்கிற வகை. ஆனால் பேச்சு இருக்கிற பக்கம். அவளை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு வெட்டினால் எதை வெட்டுகிறோம் என்று தெரியாது. அதனால் விழித்திருக்கும்போதே அறுவை என்று முடிவானது.

கணவன் முருகேசன் அதே எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன். அவளுக்கு எந்தெந்த மொழி தெரியும் என்று அவனைக் கேட்டேன்.

"தமிழ்தானுங்க. என்கிட்டயும் தமிழ்தான், எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர்கிட்டயும் தமிழ்தான்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "புள்ளைகிட்ட மட்டும் தெலுங்குங்க. அவ பொறந்த ஊட்டு பாசை. எனக்கு ஒண்ணும் வெளங்காது. ரெண்டு பேரும் என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்குவாங்க" என்றான்.

பேராசிரியரிடம் போய், இரண்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்றேன்.

"கணவன் என்ன மொழி?"

"தமிழ், சார்."

"எஸ்டேட்டில்?"

"தமிழ்தான். ஆனால் குழந்தையோடு தெலுங்கு."

"குழந்தைக்கு என்ன வயது?"

"நாலு."

"அப்படியானால் குழந்தை தமிழ் கற்றுக்கொள்ளும்" என்றார். "மூளையைத் திறந்து வைத்துக்கொண்டு மொழிவாரியாகச் சோதனை நடத்த முடியாது மிஸஸ். நேரம் ஆக ஆக வீக்கம் வரும், வலிப்பு வரும். அவளுக்குத் தமிழ் போதும்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ஒருத்திக்கு எந்த மொழி போதும் என்று தீர்மானிக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? அன்று அவர் அறையில் இதைக் கேட்டேன். கேட்காததுபோல் அடுத்த நோயாளியின் ஸ்கேனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

அறுவைக்கு முன் நான் நாகலூர் போனேன். எங்களிடம் இருந்த படங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. பனிமனிதன், கோட்டை, கழுத்தில் சாய்த்து வாசிக்கும் பிடில். கௌரம்மா அவற்றைப் பார்த்து வாயடைத்து நின்றால் நோயால் நின்றாளா, தெரியாததால் நின்றாளா என்று எப்படிச் சொல்வது? ஏற்காட்டிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரைக் கூட்டிப் போய், அவள் வீட்டிலும் வாசலிலும் இருந்தவற்றையே படம் பிடித்தேன். முறம், குடை, பூனை, சீப்பு, கோழி, ஏணி. பிறகு அவற்றைக் கழித்துக் கட்டினேன். இரண்டு மொழியிலும் ஒரே பெயர் உள்ளவை உதவாது. உப்பு இரண்டிலும் உப்பு, கத்தி இரண்டிலும் கத்தி. அவள் எந்த மொழியில் சொல்கிறாள் என்றே தெரியாது. பாலையும் அதே காரணத்துக்காக எடுத்துவிட்டேன். மிஞ்சியவற்றைத் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, மறுநாள் வரிசை மாற்றி மறுபடியும் கேட்டேன். ஒருமுறை தயங்கியிருந்தாலும் அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவை மட்டும்தான் அறுவை அறைக்குள் வரலாம். அப்போதுதான் வார்த்தை நின்றால் மின்சாரத்தால் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பூனை என்பாள் தமிழில். தெலுங்கில் பில்லி. குடைக்குக் கொடுகு. முறத்துக்கு அவள் சொன்ன தெலுங்குச் சொல் சேட்ட. அதைச் சொல்லும்போதெல்லாம் மடியில் இருந்த மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள், தமிழில் சேட்டை பண்ணுகிற பிள்ளை அவள்தான் என்பதால்.

வேலை முடிந்ததும் கணவனையும் உட்கார வைத்து, நடக்கப்போவதை இருவருக்கும் சொன்னேன். கட்டியை முழுசாக எடுத்தால் வலிப்பு நிற்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஏதாவது ஒரு பேச்சு போகலாம். தமிழ் போகலாம், தெலுங்கு போகலாம்.

முருகேசன் உடனே சொன்னான். "தெலுங்கு போனாப் போவுதுங்க. ஆளு நல்லாருந்தாப் போதும்."

கௌரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம், "ஏனுங்க, தமிழ் போனாப் போவுதுன்னு நான் சொன்னா இவரு ஒத்துக்குவாருங்களா?" என்றாள்.

அறுவை நாள். தலையில் பாதி மழித்து, தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பைத் திறந்தார்கள். மூளைக்கு வலி தெரியாது. திறந்த பகுதிக்கும் முகத்துக்கும் நடுவே பச்சைத் துணியைக் கூடாரம்போல் கட்டுவார்கள். அந்தப் பக்கம் பேராசிரியர், இந்தப் பக்கம் துணிக்கு அடியில் நானும் அவளும். முகத்துக்கு முகம், ஒரு கை தூரம். அவர் ஊசிமுனைபோன்ற மின்முனையால் மூளையின் மேற்பரப்பைத் தொடுவார். மெல்லிய மின்சாரம். அதே கணத்தில் நான் ஒரு படத்தைக் காட்டுவேன். அவள் பெயர் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் பேச்சு இல்லை, எடுக்கலாம். சொல்ல முயன்றும் வார்த்தை வராமல் நின்றால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். அங்கே எண் போட்ட சின்னக் காகிதத் துண்டை வைப்பார்கள். மின்சாரமே வலிப்பைக் கிளப்பிவிடலாம் என்பதால், உடனே ஊற்ற ஒரு நர்ஸ் குளிர்ந்த உப்புநீரோடு தயாராக நிற்பார்.

தமிழில் தொடங்கினோம். பூனை, ஏணி, குடை. சில இடங்களில் நின்றது. கண் படத்திலேயே இருக்கும், உதடு அசையும், சொல் வராது. முனையை எடுத்ததும் கொட்டிவிடும். காகிதத் துண்டுகள் வைக்கப்பட்டன. பின்பக்கம், கட்டிக்கு மேலே இருந்த பகுதியில் தமிழ் எங்கும் நிற்கவில்லை.

"இந்தப் பகுதி எடுக்கலாம்" என்றார் பேராசிரியர். "ஒருமுறை கடைசியாகப் பார்த்துவிடுவோம்."

நான் குடைப் படத்தைக் காட்டி, "இதி ஏமி?" என்றேன். இது என்ன என்று தெலுங்கில்.

கௌரம்மாவின் கண்ணில் ஒரு சிறு ஆச்சரியம். "கொடுகு" என்றாள். அடுத்த தொடுதலுக்கு, "பில்லி." முனை கொஞ்சம் நகர்ந்தது. முறத்தைக் காட்டினேன். அவள் உதடு குவிந்தது. நின்றது. என்னையே பார்த்தாள். முனையை எடுத்த மறுகணம், "சேட்ட" என்றாள்.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து பேராசிரியரின் குரல் வந்தது. "சேட்டையா? குழம்புகிறாளா?"

"குழம்பவில்லை சார். தெலுங்கில் முறம். முனை பட்டபோது வரவில்லை, எடுத்ததும் வந்தது."

"தெலுங்கில் நான் கேட்கச் சொல்லவில்லை."

"இல்லை. நான்தான் கேட்டேன். அதே இடத்தை மறுபடி தொடுங்கள்."

தன் அறுவையில் இன்னொருவர் உத்தரவிட்டு அவர் கேட்டதில்லை. ஆனால் அவர் நல்ல மருத்துவர், அதைச் சொல்லியாக வேண்டும். மறுபடி தொட்டார். தமிழில் கேட்டேன், கோழி என்றாள். தெலுங்கில் கேட்டேன், நின்றது. படத்தை மாற்றினோம், வரிசையை மாற்றினோம். முனையை வைத்ததுபோல் பாவனை செய்து வைக்காமலும் பார்த்தார். வைக்காதபோது சொன்னாள், வைத்தபோது நின்றாள். பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது. அந்த இடத்தில் தெலுங்கு இருந்தது.

"இதற்கு அடியில் கட்டி இறங்குகிறது" என்றார். "இதை விட்டால் முழுசாக எடுக்க முடியாது. வலிப்பு திரும்ப வரும். யார் பொறுப்பு?"

"அவளைக் கேளுங்கள் சார். விழித்துத்தானே இருக்கிறாள்."

"மேசைமேல் இருக்கும் நோயாளியிடம் கேட்பதா?"

"அவள் மேசைமேல் ஏறும் முன்பே கேட்டிருக்க வேண்டியது. நான் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லை."

கௌரம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. துணியைப் பார்த்தபடி அவளே பேசினாள். "ஏனுங்க சாமி, அதையும் எடுத்துப்போட்டா வலிப்பு நின்னுருமுங்களா?"

அவர் சொன்னார். "நிற்கலாம். உறுதி சொல்ல முடியாது."

"புள்ளைகூடப் பேசறது போயிருமுங்களா?"

"அந்த மொழி போகலாம்."

"அப்ப உட்டுருங்க சாமி. வலிப்பு வந்தா உழுந்து எந்திரிச்சுக்கறேன். எனக்குப் பழக்கந்தான்."

அவர் அந்த விரலகலத்தை விட்டுவிட்டு மீதியை எடுத்தார். கையுறையைக் கழற்றியபின் என்னிடம், "இனி என் தியேட்டருக்குள் வரவேண்டாம்" என்றார்.

விசாரணை நடந்தது. நீள மேசையின் அந்தப் பக்கம் பெரியவர்கள் சிலர். மருத்துவர் அல்லாத ஒருத்தி அறுவையில் குறுக்கிட்டாள் என்பது குற்றச்சாட்டு. நடுவில் இருந்தவர் கனிவாகத்தான் பேசினார்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் இத்தோடு முடித்துவிடலாம் அம்மா."

"எதற்கு மன்னிப்பு?"

"சொல்லாததைச் செய்ததற்கு."

"சொல்ல வேண்டியதை அவர் சொல்லாததால் செய்தேன். அந்தப் பெண் இப்போது வார்டில் இருக்கிறாள். மகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு மன்னிப்பைப் பற்றிப் பேசலாம்."

யாரும் வார்டுக்குப் போகவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அறுவைப் பிரிவிலிருந்து என்னை எடுத்து, பேச்சுப் பயிற்சிப் பிரிவின் மூலையில் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் பதவி உயர்ந்தார்கள். நான் அந்த மூலையறையில் உட்கார்ந்து, பக்கவாதத்தில் பேச்சிழந்து வந்த ஒவ்வொருவரையும் அவர்களுக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் சோதித்தேன். சௌராஷ்டிரம், உருது, கன்னடம், எது வந்தாலும் அந்த மொழிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைப்பேன். 'பேச்சு அடியோடு போய்விட்டது' என்று எழுதி அனுப்பப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்கு, யாரும் கேட்காத மொழியில் பேச்சு மிச்சமிருந்தது. என் வாழ்க்கை வேலை அதுதான். தண்டனையாகக் கொடுத்த அறையில்தான் அதைச் செய்தேன்.

கௌரம்மாவுக்கு வலிப்பு திரும்ப வந்தது. முன்பைப்போல் அடிக்கடி இல்லை, ஆனால் வந்தது. ஒருமுறை அடுப்பருகில் விழுந்து வலது கை வெந்துபோனது. செய்தி பேராசிரியருக்கு வந்திருக்கிறது. தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "உங்கள் தெலுங்கு அவள் கையை வேக வைத்துவிட்டது" என்றார். அன்று மாலையே சேலத்துக்கு ரயிலேறினேன்.

குப்பனூர் வழியாக மேலே போய் நாகலூரில் இறங்கியபோது முருகேசன் எதிரே வந்தான். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"முழுசா எடுத்திருந்தா இன்னிக்கு இப்படி ஆவுமுங்களா? நீங்க பட்டணத்துல இருக்கீங்க. ராத்திரி பகலா நானில்லீங்க பக்கத்துல காத்துக் கெடக்கறேன்?" என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முழுசாக எடுத்திருந்தால் நின்றிருக்கலாம், நிற்காமலும் இருந்திருக்கலாம் என்றேன். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவும் இல்லை.

உள்ளே கௌரம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்புப் போகும் திசைக்கெல்லாம் மகள் தலையைத் திருப்ப, "ரா தல்லி, ரா" என்று தெலுங்கில் கூப்பிட்டு இழுத்து இழுத்து வைத்தாள். கணவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அவரு பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க. நொம்பப் பயந்துட்டாரு" என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, சத்தமாக, "வெந்தது என் கைதான? உடச்சொன்னது நானு. டாக்டரம்மாகிட்ட ஏன் போயி நிக்கிறீங்க?" என்றாள்.

முருகேசன் மூன்று டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தான்.

அந்த விரலகல இடத்தை விட்டுவைக்கச் செய்தது சரியா என்று பல மேடைகளில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கை வெந்ததைச் சொல்லிக் கேட்பார்கள். சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். வலிப்பின் விலையும் மொழியின் விலையும் தெரிந்தவள் ஒருத்திதான் அந்த அறையில் இருந்தாள். அவள் முடிவு சொன்னாள். எங்கள் வேலை அதைக் கேட்பது.

பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் போயின. கட்டி மறுபடி பெருத்தது. பேராசிரியர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் கௌரம்மாவுக்கு இரண்டாவது அறுவை. அவள் கேட்டுக்கொண்டதால் பேச்சைக் கண்காணிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டி மெதுவாக வளரும்போது பேச்சு சில சமயம் பக்கத்து இடங்களுக்குக் குடிபெயர்ந்துவிடும் என்று அந்த ஆண்டுகளில் தெரியவந்திருந்தது. அன்று எடுக்க முடியாததில் கொஞ்சத்தை இப்போது எடுக்கலாம் என்ற நம்பிக்கை அதனால்தான். மகள் காலேஜில் சேர்ந்திருந்தாள். எஸ்டேட் வேலையிலிருந்து நின்றுவிட்ட முருகேசன், முடி நரைத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "இந்த வாட்டியும் அவளையே கேட்டுக்குங்க" என்றான்.

உள்ளே மறுபடி பச்சைத் துணி. மறுபடி முகத்துக்கு முகம். அவளுக்கு நெற்றியோரம் நரை, எனக்குத் தலை முழுக்க. அறுவை செய்தவர் இளைஞர். நான் யார், முன்பு என்ன நடந்தது என்று அவர் கேள்விப்பட்டிருந்தாரா தெரியாது. எலும்பைத் திறந்து முடித்ததும் துணிக்கு மேலே குனிந்து, "எந்த மொழியில் ஆரம்பிக்கலாம் டாக்டர்?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் கௌரம்மா சொல்லிவிட்டாள்.

"ரெண்டுலயுமுங்க. ஒண்ணோட நிறுத்திப்போடாதீங்க."

"சரிம்மா" என்றார் அவர். மின்முனை கீழே இறங்கியது. நான் முதல் படத்தை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.